பொட்டுக்குப் பின்னால் இருந்த ஊசி

தொண்ணூற்றெட்டாம் வருடம், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. கஹவத்தை டவுனிலிருந்து மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் சொந்தமாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் டிவிஷனுக்கு பஸ் கிடையாது. மெயின் ரோட்டுச் சந்திக்கு ஐந்து மைல். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து ஆறு வரைக்கும் இறக்கம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சந்தி வரைக்கும் ஒரே ஏற்றம். அந்த ஏற்றத்தில் நடந்ததை இத்தனை வருடமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் கொஞ்சம் பெருமைக்காரன். பல வருடம் டவுனில் ஒரு முதலாளிக்கு லொறி ஓட்டிவிட்டுப் பழைய வேன் ஒன்றை வாங்கித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, எங்கள் டிவிஷனில் சொந்த வாகனம் வைத்திருந்த முதல் ஆள் நான்தான். பிரசவம், காய்ச்சல், கல்யாணம், சந்தைக்குப் போவது, எல்லாவற்றுக்கும் என் வண்டிதான். "என் வண்டி நடுவழியில நின்னதே கெடையாது" என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உண்மையும்தான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு கொஞ்சம் அதிகமாகவே ஆடினேன்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், இருந்தாள். அத்தான் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். ஒரே மகள், பத்தாம் வகுப்பு, டவுன் பள்ளிக்கூடம். நான் அப்போது கல்யாணம் கட்டவில்லை. சாப்பாடு அக்கா வீட்டில். அக்கா காலையில் மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் வீட்டுக்கு இரண்டு குடம், என் வண்டிக்கு ஒரு கேன். ரேடியேட்டருக்கு ஊற்றுவதற்கு. நான் கேட்டு அவள் செய்ததில்லை. பழைய வண்டி தண்ணி குடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவளாகவே செய்தாள். கேனை நிரப்பி வேனின் முன்சக்கரத்துப் பக்கம் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

முதலில் வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றினால் போதுமாக இருந்தது. பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை. புரட்டாசி மாதம் வந்தபோது தினமும் ஒரு கேன், சில நாள் அதுவும் பற்றவில்லை. இதைக் கவனித்தது நான் இல்லை, அக்காதான். தண்ணீர் சுமக்கிறவளுக்குத்தானே கணக்குத் தெரியும்.

"என்னடா தம்பி, ஒன் வண்டிக்கு சீனி வருத்தமா? இப்புடிக் குடிக்கிது. மனுசன் இவ்வளவு தண்ணி குடிச்சா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

"எஞ்சினுக்குத் தாகம்க்கா. வெயில் கூட."

"எங்க வெயில்? ஒரு மாசமா மழை."

சிரித்துக்கொண்டே போய்விட்டேன். அவள் விடவில்லை. இன்னொரு நாள், வண்டி நிற்கிற இடத்தில் துருத் தண்ணீர் மாதிரி சிவப்பாய் ஒழுகிக் கிடக்கிறது என்றாள். மண் கரைஞ்சு வந்திருக்கும் என்றேன். இன்னொரு நாள், விடிய ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகை வருகிறதே, முன்னெல்லாம் வராதே என்றாள். பனி என்றேன். எனக்குத் தெரியாமல் இல்லை. எஞ்சின் ஆயில் மூடியை ஒரு நாள் திறந்து பார்த்தேன். உள்ளே பால் டீ நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது. ஆயிலுக்குள் தண்ணீர் போகிறது என்றால் எஞ்சின் உள்ளுக்குள் விட்டுப்போயிருக்கிறது, ஒரு நாள் இறுகி நின்றுவிடும் என்று எந்த டிரைவருக்கும் தெரியும். துணியால் துடைத்துவிட்டு மூடியைத் திருப்பிப் போட்டேன்.

டவுனில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் இருந்தார். சிங்களவர், நல்ல மனிதர். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அவராகவே வண்டிப் பக்கம் வந்து மோந்து பார்த்தார். பிறகு முன்சீட்டைத் தூக்கி எஞ்சின் மேல் கையை வைத்தார். "மேக்க தவஸ் துனக்கட்ட மட்ட தென்ன மல்லி" என்றார். மூன்று நாளைக்கு வண்டியை என்னிடம் விடு தம்பி என்று அர்த்தம். தீபாவளி முடியட்டும் பாஸ், சனமெல்லாம் சாமான் வாங்க டவுனுக்கு வரப்போகுது, இப்ப நிப்பாட்ட ஏலாது என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

இதுவரைக்கும் நான் செய்தது அலட்சியம். உலகத்தில் பாதி டிரைவர்கள் செய்வதுதான். இதற்கு மேல் நான் செய்ததைச் சொல்வதற்குத்தான் கை கூசுகிறது.

வெள்ளிக்கிழமை என்றால் அக்கா தலைக்குக் குளித்து விளக்கு வைத்துவிட்டு, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வேனிடம் வருவாள். முன் கண்ணாடியில் ஒன்று, ஸ்டியரிங் நடுவில் ஒன்று, மீட்டர் கண்ணாடியில் ஒன்று. எங்கள் பக்கத்தில் பொட்டு வைக்காத வண்டியைப் பார்க்கவே முடியாது. காய்ந்து உதிர்ந்த பழைய பொட்டின் மேலேயே அடுத்த வாரப் பொட்டு ஏறும்.

அந்த மீட்டர் கண்ணாடியில் வேகம் காட்டுவது நடுவில். வலப்பக்க ஓரத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் சின்ன ஊசி. ஏற்றத்தில் வரும்போது அந்த ஊசி சிவப்புக் கோட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் முன்சீட்டில் எங்கள் கணக்கப்பிள்ளை ஐயா உட்கார்ந்து வந்தார். பின்னால் ஆள் நிறைய. "என்னா தம்பி, ஊசி மேல நிக்கிது? நடுவுல நின்னுருமா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "எறங்கித் தள்ளுறதுன்னா இப்பவே சொல்லிருங்க" என்று ஒரு குரல். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா கிண்ணத்தோடு வந்தபோது, மீட்டரின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இங்க வைக்கா. பெருசா வை."

"ஏன்டா? நடுவுலதானே வைப்போம்."

"நடுவுல வச்சா ஸ்பீடு தெரியலக்கா."

அவள் நம்பினாள். தம்பி சொன்னால் நம்புவாள். மூன்று விரலால் சந்தனத்தை வழித்து, ஊசி முழுசாய் மறைகிற மாதிரிப் பெரிதாய் இட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். "சாமி நல்லாப் பாத்துக்கிறட்டும்" என்று கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். அதன் பிறகு முன்சீட்டில் யார் உட்கார்ந்தாலும் ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஏனென்றால் எனக்கும் ஊசி தெரியவில்லை.

இப்படி இரண்டு வெள்ளிக்கிழமை போனது.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்னாலேயே ஒரு ஹயர் இருந்தது. கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய ஒரு குடும்பத்தை டவுனில் இறக்கவேண்டும். அக்கா முந்தின நாள் வைத்த கேனை ரேடியேட்டருக்குள் ஊற்றிவிட்டு, வெறும் கேனைப் பின்சீட்டுக்குக் கீழே போட்டுக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வரும்போது மணி எட்டு. அக்கா பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்குப் போய், அங்கிருந்து கொழுந்து மலைக்கும் போயிருந்தாள். கேன் என்னிடமே இருந்ததால் அவள் அன்றைக்குத் தண்ணீர் வைக்க வழியில்லை. வண்டி கொதித்துக்கொண்டிருந்தது. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறட்டும், பிறகு ஊற்றலாம் என்று நினைத்துக்கொண்டு, அக்கா மூடி வைத்திருந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். தூங்கிப்போனேன்.

பத்து மணிக்குக் கிட்ட, ஒரே கூச்சல். வெளியே வந்தால் மலையிலிருந்து ஆட்கள் ஓடி வருகிறார்கள். குளவி கலைந்துவிட்டது. மலை உச்சியில் நிற்கிற பெரிய மரத்தில் கூடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். பருந்து அடித்துக் கலைத்திருக்கிறது. அந்த மரத்துக்குக் கீழே இருந்த நிரையில் அக்காவோடு சேர்த்து எட்டுப் பேர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு செடிக்குள் படுத்துக்கொண்டார்கள். அக்கா மரத்துக்கு நேர் கீழே நின்றிருக்கிறாள், படங்கை அவிழ்க்கவே அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

டிஸ்பென்சரிக்கு ஓடினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாம் முகம் வீங்கி அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா படுக்கையில். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் வீக்கத்துக்குள் போயிருந்தன. மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தது. தோட்டத்து டாக்டர் ஐயா ஊசி போட்டிருந்தார். கொஞ்சம் தணிந்து, மறுபடி இழுக்கத் தொடங்கியிருக்கிறது.

"இங்க வச்சிப் பாக்க ஏலாது. தோட்டத்து லொறி தேத்தூள் ஏத்திட்டுப் போயிருச்சி. ஒங்க வேன் இருக்குத்தானே தம்பி? ஒடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. எங்கயும் நிப்பாட்டாதீங்க" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

நான் ஓடிப்போய் வண்டியைக் கொண்டுவந்தேன். தண்ணீர் ஞாபகம் வந்ததா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. அக்காவைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். அவளோடு ஒரே நிரையில் வேலை செய்கிற ஒரு அம்மா, அவளுக்கும் கை வீங்கியிருந்தது, தலையை மடியில் வைத்துக்கொண்டார். கங்காணி ஐயா முன்சீட்டில் ஏறினார். அக்காவுக்கு நினைவு இருந்தது.

"தம்பி, மெதுவா போடா. தூக்கித் தூக்கிப் போடுது."

"சரிக்கா. சரிக்கா."

"புள்ள பள்ளியோடம் விட்டு வந்தா, பானையில சோறு இருக்குன்னு சொல்லு."

இறக்கத்தில் வண்டி பறந்தது. அரை மணியில் சந்தி, அங்கிருந்து தார் ரோடு, பிறகு ஆஸ்பத்திரி என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வண்டிக்குள் வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி ஒரு வாடை. சீட்டுக்குக் கீழேதான் எஞ்சின். தொடை சுட்டது. கங்காணி ஐயா, "என்னா தம்பி, வாடை அடிக்கிது?" என்றார். நான் மீட்டரைப் பார்த்தேன். சந்தனப் பொட்டுத்தான் தெரிந்தது.

கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர், கரை தொட்டு. அங்கே ஐந்து நிமிடம் நிறுத்தி, பின்சீட்டுக்குக் கீழே கிடந்த கேனில் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றியிருந்தால் வண்டி ஏறியிருக்கும். ஊசி சிவப்பில் நின்றதை என் கண்ணால் பார்த்திருந்தால் கட்டாயம் நிறுத்தியிருப்பேன். நிற்காத வண்டிக்காரன் என்கிற பெருமைகூட அந்த நேரத்தில் எனக்கு இல்லை. தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியக்கூடாது என்று நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன்.

ஏற்றத்தில் பாதி வந்ததும் வண்டிக்கு இழுவை குறைந்தது. கியரை இறக்கினேன். பின்னால் அக்காவின் மூச்சுச் சத்தம் கூடியது. நான் இன்னும் அழுத்தினேன். எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி நாலு தட்டு. பிறகு ஒன்றுமில்லை. வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டக் என்கிற சத்தம் மட்டும். நாலு பக்கமும் ஆவி.

இறங்கி அங்கும் இங்கும் ஓடினேன். அந்த ரோட்டில் எங்கள் தோட்டத்து வண்டிகளைத் தவிர வேறு எதுவும் வராது. பின்கதவைத் திறந்தபோது அக்கா கேட்டாள். குரல் சரியாக வரவில்லை.

"ஏன்டா நிக்கிது?"

"தண்ணி கொறஞ்சிருச்சிக்கா" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் மூச்சுக்குத் திணறினாள். பிறகு, "ஐயோ, இன்னைக்கி நான் தண்ணி வைக்கலையேடா" என்றாள்.

அந்த நிலைமையிலும் அவள் தப்பைத் தன் மேல் எடுத்துக்கொண்டாள். "இல்லக்கா, நீ ஒண்ணும் பண்ணல, எல்லாம் என்னோட வேலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கங்காணி ஐயா பக்கத்தில் நின்றார். அந்த அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா அதையே இரண்டு மூன்று தரம் முனகினாள். "தண்ணி வைக்கலையே, தண்ணி வைக்கலையே." அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

ரோட்டுக்குக் கீழே மாணிக்கக் குழி ஒன்று இருந்தது. எங்கள் கூச்சலைக் கேட்டு ஐந்தாறு பேர் மேலே வந்தார்கள். எல்லோரும் சிங்கள ஆட்கள், தலையிலிருந்து கால் வரை சேறு. அவர்களில் மூத்தவர் முன்சீட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்துவிட்டு, "மேக்க இவரய் மல்லி" என்றார். இது முடிந்தது தம்பி என்று. பிறகு அக்காவைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. குழிக்கு அடைக்கிற பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். தங்கள் சாரங்களை விரித்து, அக்காவைத் தூக்கி வைத்து, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் ஓடினார்கள். ஒன்றரை மைல். சேற்றுக் காலோடு, வெறும் கோவணத்தோடு ஓடினார்கள். "பய வென்ன எப்பா அக்கே, பய வென்ன எப்பா" என்று ஒருவர் அக்காவிடம் பயப்படாதே பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் கங்காணி ஐயாவும் பின்னால் ஓட முடியாமல் ஓடினோம்.

சந்தியில் அவர்களே ரோட்டின் குறுக்கே நின்று ஒரு பஸ்ஸை மறித்தார்கள். நிறைய ஆட்கள் இருந்த பஸ். அந்த நாட்களில் நாங்கள் பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசவே யோசிப்போம். யுத்த காலம், அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்கே போவோம். அந்த பஸ்ஸில் அக்காவுக்காகப் பின்வரிசை முழுவதும் எழும்பி இடம் விட்டார்கள். டிரைவர் லைட்டைப் போட்டு, ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு, ஒரு ஹோல்ட்டிலும் நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோனார். இறங்கவேண்டியவர்கள் யாரும் மணி அடிக்கவில்லை.

உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் வெள்ளை கவுன் போட்ட ஒரு நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து கங்காணி ஐயாவைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி, வெள்ளைச் சீருடையோடு, புத்தகப் பையோடு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "மாமா, அம்மா எங்க?" என்று கேட்டாள். பானையில் சோறு இருக்கிறது என்று அக்கா சொல்லச் சொன்னதைக்கூட என்னால் அவளிடம் சொல்ல முடியவில்லை.

வண்டியை நாலு நாள் கழித்து டிராக்டரில் கட்டி டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மெக்கானிக் பாஸ் ஆயிலை இறக்கினார். சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி வந்தது. பிறகு டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். மீட்டரைப் பார்த்தார். கையிலிருந்த கழிவுத்துணியால் அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தார். உள்ளே ஊசி மெல்ல அசைந்தது.

"மீட்டரய ஹொந்தய்னே மல்லி. பெனுனே நெத்த?"

மீட்டர் நன்றாகத்தானே இருக்கிறது, தெரியவில்லையா என்று கேட்டார். அவர் துணியில் ஒட்டிய சந்தனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கிக் கை கழுவப் போய்விட்டார். நடந்தது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

தோட்டத்தில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. "நேரம் தம்பி, யாரு என்னா செய்ய முடியும்" என்றார்கள். அத்தான் தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த சேலையோடு வந்து இறங்கினார். அந்தச் சேலையைத்தான் அக்காவுக்குப் போர்த்தினோம். கருமாதி முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்னா மச்சான் செய்வ, வண்டிதானே" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

அக்காவின் தலையை மடியில் வைத்திருந்த அம்மா, சாவு வீட்டில் ஒவ்வொருவரிடமும் அழுது அழுது சொன்னார். "பாவம், சாகுற நேரத்துலயும் தண்ணி வைக்கலையே, தண்ணி வைக்கலையேன்னே பொலம்புனா." அவர் இரக்கத்தில்தான் சொன்னார். ஆனால் வாய் மாறி வாய் மாறிப் போகையில் கதை வேறாகிவிட்டது. அன்றைக்கு அவள் வண்டிக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டாள், அதனால்தான் வண்டி நின்றது, அவள் உயிரை அவளே போக்கிக்கொண்டாள் என்று ஆகிவிட்டது. என் காதுக்கும் வந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

வேனை இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு எஹலியகொடைப் பக்கம் ஒரு பெக்டரியில் லொறி டிரைவராகச் சேர்ந்தேன். இன்றைக்கும் அதுதான் வேலை. தண்ணீர், ஆயில், கீழே ஒழுகல், புகை, வாடை, இவ்வளவையும் பார்க்காமல் சாவியைத் தொடமாட்டேன். என் லொறியில் எந்தக் கண்ணாடியிலும் பொட்டுக் கிடையாது. கடைத்தெருவில் நிற்கிற அந்நிய வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டுவதைக் கண்டால் போய்க் கண்ணாடியைத் தட்டிச் சொல்லிவிடுவேன். சிலர் நன்றி சொல்வார்கள். பெரும்பாலானவர்கள், இவன் யார் வேலை இல்லாதவன் என்கிற மாதிரிப் பார்ப்பார்கள். அக்கா சொன்னபோது நானும் அப்படித்தானே பார்த்தேன். வண்டி திடீரென்று நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதே இல்லை. எந்த வண்டியும் திடீரென்று நிற்காது, வாய் இல்லாவிட்டாலும் அது மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டேதான் வரும்.

மருமகள் இப்போது கல்யாணமாகிப் பலாங்கொடைப் பக்கம் இருக்கிறாள். அவளுக்கு ஒரு மகள், நாலு வயது. போன மாதம் அங்கே போயிருந்தேன். குழந்தை தண்ணீர்ப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிட்டு நேர்சரிக்குப் போய்விட்டது என்று அவள் கண்டபடி ஏசினாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் புள்ள இப்படி ஏசுற என்று கேட்டேன். அவள் அடுப்பங்கரையில் நின்றபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா மாமா? எங்கம்மா ஒருநா மறந்துதானே செத்துப் போனாங்க. ஒரு கேன் தண்ணி வச்சிருந்தா இன்னைக்கி இருப்பாங்க. எனக்கு அவங்க மேல இன்னும் கோவந்தான்."

பதினோரு வருடம் அந்தப் பிள்ளை செத்துப்போன தாயின் மேல் கோபமாக இருந்திருக்கிறாள். நான் சொல்லாமல் விழுங்கிய ஒரு வார்த்தை அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அன்றும் பேசாமல் எழுந்து வந்தேன். ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே வெறுப்பு, என் மேலேயே.

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. இந்த இதழ் அவள் வீட்டுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும், இந்தப் பக்கத்தைத்தான் அவள் முதலில் வாசிப்பாள். நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை, இருந்தாலும் இரண்டு வரி வாசித்தாலே அவளுக்கு விளங்கிவிடும். புள்ள, உன் அம்மா அன்றைக்கு ஒன்றையும் மறக்கவில்லை. கேன் என்னிடம் இருந்தது, ஊசியை மறைத்தது நான், இனிமேல் உன் கோபத்தை அவளை விட்டு எடுத்து என் மேல் வை.